ஊசி பேசிச்சா, நீங்க பேசினீங்களா?

உங்களிடம் ஒரு கேள்வி.

கோபத்தில் ஒரு வார்த்தையை விட்டுவிட்டீர்கள். கேட்டவர் நொந்துபோய்விட்டார். மறுநாள், 'அது நான் பேசினதே இல்லை, எனக்குப் போட்ட ஊசி பேசினது' என்று மருத்துவ ஆதாரத்தோடு உங்களால் நிரூபிக்க முடிகிறது. இப்போது நீங்கள் மன்னிப்பு கேட்க வேண்டுமா, வேண்டாமா?

அவசரப்பட்டு பதில் சொல்லிவிடாதீர்கள். முதலில் என் நண்பரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நண்பருக்கு வயது ஐம்பது. திருச்சியில் வங்கி வேலை. அதிர்ந்து பேசமாட்டார். கேரம் போர்டில் அவருடைய காயினை நான் நகர்த்தி வைத்ததைப் பார்த்துவிட்டுக்கூட பார்க்காத மாதிரி இருப்பார். ஆறு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பி வாசல்படி இறங்கினார். இடது கால் செருப்பு நழுவி படியிலேயே நின்றுவிட்டது. அது அவருக்குத் தெரியவில்லை. தெருமுனை வரை போய்விட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள்தான், "அப்பா, ஒத்தைச் செருப்போட போறீங்க!" என்று பின்னாலேயே ஓடினாள்.

டாக்டர், ஸ்கேன், மறுபடி டாக்டர். கடைசியில் ஒரு பெயர் சொன்னார்கள். மல்டிபிள் ஸ்க்லீரோஸிஸ்.

பாரிஸில் ஷார்கோ என்ற நரம்பியல் மேதை 1868-லேயே இந்த நோயைத் தெளிவாக விவரித்துவிட்டார். உலகம் முழுக்க சுமார் 28 லட்சம் பேருக்கு இருக்கிறது என்பது 2020-ல் வெளியான கணக்கு. ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா? நம் நரம்புகளுக்கும் அப்படி ஒரு கொழுப்பு உறை உண்டு. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நம்முடைய சொந்தப் பாதுகாப்புப் படை, இந்த உறையை எதிரி என்று நினைத்து அரிக்க ஆரம்பித்துவிடும். காவல்காரனே வீட்டு ஒயரைக் கடிக்கிற கதை. மூளையிலும் தண்டுவடத்திலும் எந்த இடத்தில் உறை கிழிகிறதோ அதற்கேற்ற தொந்தரவு. கண் மங்கும், கால் மரக்கும், காரணமே இல்லாமல் உடம்பு அசந்துபோகும். பலருக்கு இது அலை மாதிரி வரும், அடங்கும், மறுபடி வரும்.

நண்பருக்கு போன வருஷம் ஓர் அலை வந்தது. வலது கண்ணில் மங்கல், காலில் மரமரப்பு. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். மீதைல்பிரட்னிசலோன், தினமும் 1 கிராம், சொட்டு சொட்டாக. இந்த நோயின் திடீர்த் தாக்குதலுக்கு இதுதான் வழக்கமான வைத்தியம். மூன்று முதல் ஐந்து நாள் கொடுப்பார்கள். தொந்தரவு சீக்கிரம் அடங்கும்.

1 கிராம் என்பது எவ்வளவு என்று தெரியவேண்டுமானால் ஒரு சின்ன கணக்கு. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், கார்டிசால் என்ற ஹார்மோனை நாள் ஒன்றுக்கு சுமார் 10 முதல் 20 மில்லிகிராம் வரை சுரக்கின்றன. ஊசி மருந்து அந்த கார்டிசாலின் உறவுக்காரன்தான், ஆனால் ஐந்து மடங்கு வீரியம். 1 கிராம் ஏற்றினால் 5,000 மில்லிகிராம் கார்டிசால் ஏற்றிய மாதிரி. அதாவது உடம்பு தானே சுரப்பதைப் போல குறைந்தது 250 மடங்கு.

நம்மை எழுப்புவது, பதறவைப்பது, தைரியம் கொடுப்பது எல்லாவற்றிலும் பங்கு உள்ள ஒரு ஹார்மோன், 250 மடங்கு. என்ன ஆகும்?

*

முதல் நாள் ராத்திரி நண்பர் தூங்கவில்லை. இரண்டாம் நாள் உற்சாகம் பொங்கியது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு வீட்டுக் கடன் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தார். ஊசி போட்ட நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லி அழுதார். ராத்திரி பதினொரு மணிக்கு, சென்னையில் ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கு போன் போட்டார்.

மகள் இன்ஜினீயரிங் வேண்டாம் என்று அடம்பிடித்து வரலாறு படிக்கிறாள். அந்த விஷயத்தில் அப்பா அவளோடு சரியாகப் பேசியே ஒரு வருஷமாகியிருந்தது. அன்றைக்குச் சொன்னார்: "நீ எடுத்த முடிவு சரிதாம்மா. எனக்கு அந்த தைரியம் உன் வயசுல இருந்ததில்ல. உன்னை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு."

அந்தப் பெண் அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். விடியற்காலை மூன்று மணிக்கு அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் உயர வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தார். மனைவி எழுந்து வந்து, "கொஞ்சம் படுங்களேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னது. நண்பர் திரும்பி, தெருவே கேட்கிற மாதிரி கத்தினார்:

"என்ன எப்பப் பாரு அதிகாரம்? வீடு கட்ட உங்கண்ணன் நாலு லட்சம் கொடுத்தாரு. அதைக் கொடுத்து என்னை விலைக்கு வாங்கிட்டீங்க இல்ல, குடும்பமா சேர்ந்து?"

வீடு கட்டி பதினாலு வருஷம். கடனை அடைத்தே ஐந்து வருஷம். அந்த மச்சான் ஒருநாளும் அதைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. அதைவிட, நண்பரும் வாயைத் திறந்ததில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஒரு வாரத்தில் மருந்தின் வேகம் இறங்கியது. கண் தெளிந்தது, கால் தேறியது. நண்பர் பழைய நண்பர் ஆனார். மனைவியிடம் போய், "அது ஸ்டீராய்டும்மா. டாக்டரே சொல்றாரு. மனசுல வச்சுக்காத" என்றார். அந்த அம்மா பள்ளிக்கூட டீச்சர். சிவப்பு மசியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டிருக்கிறார்:

"சரிங்க. திட்டினது ஊசி. அப்போ மகளைப் பாராட்டினதும் ஊசிதானே? அவகிட்டயும் போன் பண்ணி, 'மனசுல வச்சுக்காத'ன்னு சொல்லிடலாமா?"

நண்பருக்குப் பேச்சு வரவில்லை. அந்த அம்மா அதோடும் விடவில்லை. "இன்னொண்ணு. ரெண்டு வருஷமா நான் எப்பவாவது கோபப்பட்டா, 'இது மெனோபாஸ்'னு சொல்லிட்டு டிவி சத்தத்தைக் கூட்டுறீங்க. உங்க ஹார்மோன் பேசினா அதை மன்னிக்கணும். என் ஹார்மோன் பேசினா அதைக் கேக்கவே வேண்டாம். இது என்ன நியாயம்?"

நண்பர் நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். கேரம் போர்டைத் தொடவே இல்லை.

*

அந்த அம்மாவின் இரண்டு கேள்விகளும் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. எனக்கு யாரும் ஸ்டீராய்டு போடாமலே!

டாக்டர் சொன்னது உண்மைதான், அதில் சந்தேகம் வேண்டாம். 1972-ல் பாஸ்டன் ஆய்வுக் குழு ஒன்று ஒரு கணக்கு வெளியிட்டது. பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டு தினமும் 40 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ சாப்பிட்டவர்களில் 1.3 சதவீதம் பேருக்குத்தான் மனநிலைக் கோளாறு. 80 மில்லிகிராமைத் தாண்டியவர்களில் 18.4 சதவீதம். அளவு ஏற ஏற ஆளும் மாறுகிறார். ஆனால் அந்த அளவிலும்கூட பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இந்த வகை மருந்து வந்த கதையே சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற டாக்டர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். முடக்குவாதத்தில் முடங்கிக் கிடந்த பெண்களில் பலர், கர்ப்பமானால் எழுந்து நடமாடினார்கள். அப்படியானால் உடம்புக்குள்ளேயே ஏதோ ஒரு மருந்து சுரக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் தேடினார். 1948-ல் கார்டிசோன் என்ற ஹார்மோனை 29 வயதுப் பெண் ஒருவருக்குப் போட்டார். படுக்கையை விட்டு நகர முடியாமல் இருந்தவர், சில நாட்களில் எழுந்து கடைத்தெருவுக்குப் போனார். 1950-ல் ஹென்ச்சுக்கும், கெண்டால், ரைக்ஸ்டைன் என்ற இரண்டு வேதியியல் நிபுணர்களுக்கும் நோபல் பரிசு. அடுத்த ஆறாவது வருஷம், 1956-ல், ஹாலிவுட்டில் 'பிக்கர் தேன் லைஃப்' என்று ஒரு படமே வந்துவிட்டது. கார்டிசோன் சாப்பிடும் ஒரு சாதுவான பள்ளிக்கூட வாத்தியார், வீட்டில் கொடுங்கோலனாக மாறுகிற கதை. மருந்து நடக்கவும் வைக்கும், நடத்தையையும் மாற்றும் என்று அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

ஹென்ச் பார்த்த அதே அதிசயம் நம் நண்பரின் நோயிலும் உண்டு. இந்த நோய் ஆண்களைவிட பெண்களுக்குத்தான் அதிகம். பல நாடுகளில் இரண்டு, மூன்று மடங்கு. வயதுக்கு வருவதற்கு முன்னால் அவ்வளவு வித்தியாசம் இல்லை. வந்த பிறகுதான் இடைவெளி விரிகிறது. ஹார்மோன் எங்கோ விளையாடுகிறது என்பது தெரிகிறது. 1998-ல் ஐரோப்பாவின் 12 நாடுகளில் இந்த நோய் உள்ள 254 பெண்களின் 269 கர்ப்பங்களைக் கவனித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கர்ப்பத்துக்கு முந்தைய வருஷத்தில் ஒருவருக்கு சராசரி 0.7 தாக்குதல். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் அந்த வேகம் 0.2 ஆக இறங்கிவிட்டது. குழந்தை பிறந்த முதல் மூன்று மாதத்தில் ஒரேயடியாக 1.2-க்கு ஏறியது. கர்ப்ப காலத்து ஹார்மோன்கள் வெள்ளமாகப் பெருகும்போது படை அடங்குகிறது. வடியும்போது சிலிர்த்துக்கொள்கிறது.

உடனே நம் ஊர்ப் பெரியவர்கள், 'நாங்கதான் அப்பவே சொன்னோமே, கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்னு' என்று கிளம்பிவிடக் கூடாது. கர்ப்பத்தில் கிடைத்த லாபம் பிரசவத்துக்குப் பின் கைவிட்டுப் போகிறது. வைத்தியத்துக்காக ஒரு பெண்ணைத் தாயாக்குவது வைத்தியமும் இல்லை, தர்மமும் இல்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறொன்று. பிரசவத்துக்குப் பின் ஆபத்து கூடுகிறது என்றாலும், அந்த மூன்று மாதத்தில் நூற்றுக்கு 72 பெண்களுக்குத் தாக்குதல் வரவே இல்லை. ஹார்மோன் தராசை ஒரு பக்கம் சாய்க்கிறது. ஒரு தனி மனுஷிக்கு என்ன நடக்கும் என்று தீர்ப்பு எழுதிவிடவில்லை. 'ஹார்மோன்' என்ற பெயரை 1905-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. கிரேக்க மொழியிலிருந்து எடுத்த சொல். 'தூண்டிவிடுவது' என்று அர்த்தம். தூண்டிவிடுவது மட்டும்தான். பெயரிலேயே எல்லை இருக்கிறது.

*

முதலில் அந்த அம்மாவின் இரண்டாவது கேள்வி. அது சுலபம். சுலபம் என்றால் பதில் சுலபம், ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம்.

ஒரே காரணத்தை நாம் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறோம். நமக்கு என்றால் அது மன்னிப்புச் சீட்டு. அடுத்தவருக்கு என்றால் அது வாய்ப்பூட்டு. 'ஹிஸ்டீரியா' என்ற வார்த்தையே கிரேக்க மொழியில் கர்ப்பப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். கால் மரக்கிறது, கண் மங்குகிறது என்று சொன்ன எத்தனையோ பெண்களுக்கு இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிய காலம் உண்டு. அவர்களில் மல்டிபிள் ஸ்க்லீரோஸிஸ் வந்தவர்களும் இருந்தார்கள். ஸ்கேன் வந்த பிறகுதான் மூளையில் இருந்த வெள்ளைத் திட்டுகள் அவர்களுக்காகச் சாட்சி சொன்னது.

ஒருவர் கோபத்துக்கு ஹார்மோன் காரணமாக இருக்கலாம். ஆனால் அவர் சொல்கிற விஷயம் சரியா தப்பா என்பதை ஹார்மோன் முடிவு செய்யாது. அடுப்பில் கேஸ் கசிகிறது என்று ஒருவர் எரிச்சலோடு கத்தினால், எரிச்சலுக்குக் காரணம் மெனோபாஸா என்றா ஆராய்வீர்கள்? எழுந்து போய் சிலிண்டரை மூடமாட்டீர்களா?

இப்போது முதல் கேள்வி. திட்டினது ஊசி என்றால், பாராட்டினதும் ஊசிதானே?

நாமெல்லாம் இந்த விஷயத்தில் கள்ளக் கணக்கு எழுதுகிறவர்கள். நல்ல வார்த்தை வந்தால் வரவு என் பெயரில். கெட்ட வார்த்தை வந்தால் செலவு மருந்தின் பெயரில், தூக்கமின்மையின் பெயரில், ஆபீஸ் டென்ஷன் பெயரில். வரவும் செலவும் ஒரே ஆளுடையதாக இருந்தால்தான் அது கணக்கு.

ஊசியில் வார்த்தைகள் இல்லை. மீதைல்பிரட்னிசலோனுக்கு மச்சானைத் தெரியாது, நாலு லட்சம் தெரியாது, வரலாறு படிக்கிற மகளைத் தெரியாது. அது கதவின் தாழ்ப்பாளைக் கழற்றியது, சத்தத்தைக் கூட்டியது. உள்ளே இருந்ததைப் பெரிதாக்கியது, கோணலாக்கியது. அதற்காக, உள்ளே இருப்பது எல்லாமே 'நான்' ஆகிவிடுமா? அதுவும் இல்லை. நம் எல்லோருக்குள்ளும் பாதி எண்ணம், கால் எண்ணம், நாமே நம்பாத எண்ணம் என்று ஆயிரம் கிடக்கிறது. அவற்றை வெளியே விடாமல் வைத்திருப்பதும் நம்முடைய குணத்தில் சேர்த்திதானே? குடித்தவன் உளறுவதுதான் உண்மை என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெளிந்திருக்கும்போது நாம் காட்டுகிற பொறுமையும் உண்மைதான்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்று ஒரு ஆங்கிலேயத் தத்துவ ஆசிரியர். 1976-ல் ஒரு கட்டுரையில் லாரி டிரைவர் ஒருவரை உதாரணம் காட்டினார். அவர் ஒழுங்காகத்தான் ஓட்டிவருகிறார். சட்டென்று ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்து அடிபட்டு இறந்துவிடுகிறது. டிரைவர் மேல் தப்பே இல்லை. நாமே அவரிடம் போய், 'உங்க தப்பு இல்லீங்க' என்று தேற்றுவோம். ஆனால் அவர் உடனே, 'ஆமா, என் தப்பு இல்லதான்' என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டால்? நமக்கு என்னமோ மாதிரி இருக்கும் இல்லையா? தப்பு செய்தவன் படுகிற குற்ற உணர்ச்சி வேறு. 'என் கையால் இது நடந்துவிட்டதே' என்று நல்ல மனுஷன் படுகிற வேதனை வேறு. இரண்டாவது இல்லாதவரை நாம் முழு மனுஷனாக நினைப்பதில்லை.

நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். பேசியது எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், அது போய் விழுந்தது உன் மனைவியின் காதில். காயம் நிஜம். மருந்து வந்து மன்னிப்பு கேட்காது. அந்த வீட்டில் அதைக் கேட்க ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். மருந்து இறங்கிய பிறகு, அது கிளறிப்போட்டதை எல்லாம் நிதானமாக எடுத்துப் பார். எது உன்னுடையதோ அதில் கையெழுத்துப் போடு. எது இல்லையோ அதை வாய்விட்டு மறுத்துச் சொல். நான் என்பது தாழ்ப்பாள் கழன்ற ராத்திரி வெளியே ஓடிவந்த கூட்டம் இல்லை. மறுநாள் காலையில் யாரை மறுபடி உள்ளே அழைக்கிறோம் என்பது.

இந்த மருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயந்துபோய் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், நீங்களாகப் பாதியில் நிறுத்தவும் செய்யாதீர்கள். தூக்கம் போனாலோ, மனசு தாறுமாறாக ஓடினாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ஊசி போடுவதற்கு முன்பே வீட்டில் இருப்பவர்களிடம், 'நாலு நாள் நான் ஒரு மாதிரி இருக்கலாம்' என்று சொல்லிவையுங்கள். பெரிய முடிவுகளையும் பெரிய சண்டைகளையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

*

நண்பர் அன்று ராத்திரியே மனைவியிடம் பேசியிருக்கிறார்.

"கடன் விஷயம் மனசுல முள்ளா கிடந்தது நிஜம்தான். அதைப் பதினாலு வருஷம் முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருக்கணும். ஆனா விலைக்கு வாங்கிட்டீங்கன்னு சொன்னேனே, அது பொய். உங்கண்ணன் அப்படி ஒருநாளும் நடந்துக்கல. நீயும் நடந்துக்கல. அதுக்கு மன்னிச்சுடு."

"மெனோபாஸ் விஷயம்?"

"அதுக்கும்தான்."

அடுத்த மாதம் மகள் லீவுக்கு வந்தாள். காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நண்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். போனில் சொன்ன அளவுக்கு வார்த்தைகள் சரளமாக வரவில்லை. இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். தட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

"வந்து... அன்னைக்கு போன்ல சொன்னேன்ல, உன்னை நினைச்சா பெருமையா இருக்குன்னு. அது... அது நிஜம்தாம்மா."

மகள் சந்தேகமாக அப்பாவைப் பார்த்திருக்கிறாள்.

"ஏம்ப்பா, இன்னைக்கும் ஊசி போட்டாங்களா?"

"இல்லடா கண்ணு. இன்னைக்கு ஒண்ணுமே போடல."